மொபைல் கேம் மார்க்கெட் நிஜமாவே வளருதா, இல்ல பழைய கேம் மட்டும்தான் சம்பாதிக்குதா?

பஸில்_பாண்டி:
எல்லாருக்கும் வணக்கம். நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சேந்து யூனிட்டிங்கிற கேம் செய்ற சாஃப்ட்வேர்ல ஒரு பஸில் கேம் பண்ணிட்டிருக்கோம், லெவல் டிசைன் ஓரளவு முடிஞ்சிருச்சு. எந்த ரிப்போர்ட்ட எடுத்தாலும் உலகத்துல கேமுக்கு செலவாகுற காசுல பாதி மொபைல்லதான்னு போட்டிருக்கு, டவுன்லோட்ல இந்தியாதான் முதல்னும் சொல்றாங்க, ஆனா வசூல் லிஸ்ட்ட பாத்தா கேண்டி கிரஷ், கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்னு 2012ல வந்ததெல்லாம் இன்னும் அசையாம இருக்கு. அப்போ இந்த வளர்ச்சி யாருக்குப் போகுது? சின்ன டீமுக்கு இடம் இருக்கா, முதல்ல எந்த நாட்டுல விடலாம்? ஃபீல்டுல இருக்கிறவங்க சொல்லுங்களேன்.

பிக்சல்கண்ணன்:
இடம் இருக்கு ப்ரோ, ஆனா 2019ல இருந்த மாதிரி இல்ல. கொரோனா டைம்ல எல்லாரும் வீட்ல இருந்ததால வருமானம் எகிறுச்சு, 2022ல இறங்குச்சு, அதுக்கப்புறம் மெதுவாத்தான் ஏறுது.

நடுவுல நடந்த பெரிய விஷயம் 2021 ஏப்ரல்ல ஐபோனோட ஐஓஎஸ் 14.5ல ஆப்பிள் கொண்டு வந்த ட்ராக்கிங் பர்மிஷன். அதுக்கு முன்னாடி யார் கேம்ல காசு செலவு பண்றவங்கன்னு விளம்பர நெட்வொர்க்குக்கு போன் ஐடிய வச்சே தெரியும், அவங்கள தேடிப் பிடிச்சு விளம்பரம் காட்டுவாங்க. இப்ப ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேக்கணும், நிறைய பேர் வேணாம்னு அழுத்திடுறாங்க, அதனால ஒரு நல்ல ப்ளேயர கொண்டு வர்ற செலவு ஏறிப்போச்சு. இதுல பலமா அடி வாங்கினது ஹைப்பர் கேஷுவல், அதாவது எடுத்ததும் ஆடிட்டுப் போற ரொம்ப சிம்பிளான கேமுங்க. கம்மி செலவுல விளம்பரம் போட்டு ஒரு ஆள இன்ஸ்டால் பண்ண வச்சு, அந்த ஆள் ஆப்ப தூக்குறதுக்குள்ள விளம்பரம் காட்டி அதவிட கொஞ்சம் கூட எடுக்கிறதுதான் அவங்க பிசினஸே. பாரிஸ்ல இருக்கிற வூடூ மாதிரி கம்பெனியே இப்ப ஹைப்ரிட் கேஷுவல்னு விளம்பரத்தோட ஐட்டம் விக்கிறதையும் சேத்துக்கிச்சு.

பழைய கேம் அசையாததுக்கும் இதான் காரணம், அவங்ககிட்ட ப்ளேயர் கூட்டம் ஏற்கனவே இருக்கு. பெரிய கம்பெனிங்க கோடி கோடியா கொட்டுறது அந்தக் கூட்டத்துக்குத்தான்: 2016ல ஆக்டிவிஷன் 590 கோடி டாலருக்கு கேண்டி கிரஷ் பண்ற கிங் கம்பெனிய வாங்குச்சு, 2022ல டேக்-டூ 1,270 கோடி டாலருக்கு சிங்காங்கிற மொபைல் கேம் கம்பெனிய, 2023ல சவுதியோட சேவி கம்பெனி 490 கோடி டாலருக்கு ஸ்கோப்லிங்கிற கேம் கம்பெனிய.

ராஜி_டேட்டா:
இந்தியா பத்தி நான் சொல்றேன். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்ததும் டேட்டா விலை சரிஞ்சுது, டவுன்லோட் குவிஞ்சுது, ஆனா அந்த அளவுக்கு காசு வரல. இங்க காட்டுற ஒரு விளம்பரத்துக்கு கிடைக்கிறத விட அமெரிக்காவுல அதே விளம்பரத்துக்குப் பல மடங்கு கிடைக்கும், ஆப்புக்குள்ள வாங்குறவங்களும் இங்க ரொம்ப கம்மி.

இன்னொன்னு, பழைய ரிப்போர்ட்ல இந்திய கேமிங் மார்க்கெட் இவ்ளோ பெருசுன்னு போட்ட நம்பர்ல பெரும்பங்கு ரம்மி, ஃபேன்டஸி மாதிரி காசு கட்டி ஆடுற ஆட்டம். அதுக்கு 2023 அக்டோபர்ல இருந்து கட்டுற பணம் மொத்தத்துக்கும் 28% ஜிஎஸ்டி போட்டாங்க, 2025 ஆகஸ்ட்ல தனிச் சட்டமே போட்டு தடை பண்ணிட்டாங்க. அந்த நம்பர நம்பி நீங்க பஸில் கேமுக்கு கணக்கு போட்டா கணக்கே தப்பாயிடும். பெரிய கேமுக்கே இங்க நிம்மதி இல்ல, பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர்ல தடை, பிஜிஎம்ஐன்னு பேர் மாத்தி 2021ல வந்து, 2022 ஜூலைல ஸ்டோர்லருந்து போயி, 2023 மே மாசம் திரும்பி வந்துச்சு.

அஞ்சாம்_லெவல்:
இஸ்தான்புல்ல பாருங்க தம்பி, உங்க ஜானர்தான். அங்க இருந்த பீக் கேம்ஸ் கம்பெனிய 2020ல சிங்கா 180 கோடி டாலருக்கு வாங்குச்சு. அதுக்கு முன்னாடியே பீக்ல வேல பாத்தவங்க கொஞ்ச பேர் வெளிய வந்து 2019ல ட்ரீம் கேம்ஸ் ஆரம்பிச்சாங்க, 2021ல ராயல் மேட்ச் விட்டாங்க, 2023ல அது கேண்டி கிரஷையே மாச வருமானத்துல முந்துச்சு. மேட்ச்-3, அதாவது ஒரே மாதிரி மூணு சேத்து அழிக்கிற கேம், முடிஞ்சு போன ஜானர்னு எல்லாரும் சொல்லிட்டிருந்த நேரம் அது. அவங்களுக்கு விளம்பரத்துக்கு பெரிய பணம் கிடைச்சுது, அது நமக்கு கிடைக்காது, ஆனா ஒவ்வொரு லெவலையும் டேட்டா பாத்து பாத்து மாத்துற பழக்கம் பீக்லருந்தே கூட வந்தது, அத நாமளும் கத்துக்கலாம்.

இரண்டு_பிள்ளை_அம்மா:
நான் டெவலப்பர் இல்லங்க. ஒரே ஒரு வேண்டுகோள், உள்ள என்ன வரும்னே தெரியாம காசு குடுத்து பெட்டி திறக்கிற விஷயத்த தயவுசெஞ்சு வைக்காதீங்க. பெல்ஜியம் 2018லயே அத சூதாட்டம்னு சொல்லிடுச்சு, ஜப்பான்ல 2012ல கம்ப்ளீட் காச்சாவ, அதாவது பெட்டில வர்றத வச்சு முழு செட் சேத்தாதான் பெரிய பரிசுங்கிறத, நிறுத்துனாங்க, சைனாவுல 2021ல 18 வயசுக்கு கீழ இருக்கிறவங்களுக்கு ஆன்லைன் கேமே வெள்ளி சனி ஞாயிறு, அரசு விடுமுறை நாள்ல ராத்திரி 8லருந்து 9 வரைக்கும்தான்னு வச்சாங்க. பிள்ளைங்க ஆடுற கேம்ல அந்தப் பெட்டி இருக்கவே கூடாது.

பஸில்_பாண்டி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அக்கா, பெட்டி கண்டிப்பா கிடையாது, விளம்பரமும் விளம்பரத்த நீக்குற ஒரு பேக்கும் மட்டும்தான். அப்போ முதல்ல எங்க விடுறது?

பிக்சல்கண்ணன்:
சாஃப்ட் லான்ச்சுக்கு, அதாவது முழுசா விடுறதுக்கு முன்னாடி ஒரு நாட்டுல மட்டும் விட்டுப் பாக்கிறதுக்கு, பிலிப்பைன்ஸ்ல விடுங்க, இங்கிலீஷ் ஓடும், இன்ஸ்டால் விலையும் கம்மி, கேம் க்ராஷ் ஆகுதா, எந்த லெவல்ல ஆள் கழண்டுக்கிறாங்கன்னு அங்கயே தெரிஞ்சிடும். மறுநாள் திரும்பி வர்றவங்க 40% பக்கம் இருந்தா நல்லதுன்னு பொதுவா எடுத்துக்குவாங்க, அதுக்கு ரொம்ப கீழ இருந்தா விளம்பரத்துக்கு ஒரு ரூபா போடாதீங்க, முதல் பத்து லெவல மாத்துங்க. காசு செலவு பண்றாங்களான்னு பாக்க அடுத்து கனடா. ஆப்பிளோட ஸ்மால் பிசினஸ் ப்ரோக்ராம்ல நாமளாதான் அப்ளை பண்ணணும், வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்குள்ள இருந்தா கமிஷன் 30% இல்ல, 15%தான்.

ராஜி_டேட்டா:
இந்தியாவுலயும் ஆண்ட்ராய்டுல விடுங்க, காசுக்காக இல்ல, ராம் கம்மியா இருக்கிற போன்ல கேம் எப்படி ஓடுதுன்னு பாக்க.