நவஹோ நாட்டில் தொலைந்த ஒரு மணி நேரம்

அமெரிக்காவில் பாறைக் கோபுரங்கள் நிற்கிற மானுமென்ட் வேலி பள்ளத்தாக்குக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் இங்கே பாறைகளின் நிறத்தைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் மணலில் புதைந்த எங்கள் காரைப் பற்றிச் சொல்கிறேன். புதைந்ததற்கு மூல காரணம் எங்கள் வீட்டு ரங்கமணியின், அதாவது என் கணவரின், கடிகார ஞானம்.

நாங்கள் இருப்பது அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில். அமெரிக்காவில் மார்ச் மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பரில் பின்னே இழுப்பார்கள். அரிசோனாவுக்கு அந்த வேலையே கிடையாது. அங்கே அடிக்கிற வெயிலில், சாயங்காலம் இன்னும் கொஞ்ச நேரம் சூரியன் வேண்டும் என்று யார் கேட்பார்கள்?

செப்டம்பர் கடைசியில் நாலு நாள் லீவு போட்டுக் கிளம்பினோம். முதல் நாள் பேஜ் ஊர். கொலராடோ ஆறு குதிரை லாடம் போல வளைகிற இடத்தை முந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து எட்டிப் பார்த்தோம். விளிம்புக்குப் போகாதீர்கள் என்று நான் கத்தியதுதான் அங்கே அதிகம். பேஜ் இருப்பது பக்கத்து மாநிலமான யூட்டாவின் எல்லையில். போன் ஒரு நிமிஷம் அரிசோனா மணி காட்டும், எல்லைக்கு அப்பால் உள்ள டவர் கிடைத்தால் சட்டென்று ஒரு மணி நேரம் முன்னே குதிக்கும். இவருக்கு எரிச்சல் வந்து, இரண்டு போனையும் அரிசோனா நேரத்திலேயே நிறுத்திப் பூட்டிவிட்டார். "நாம எங்க சுத்தினாலும் அரிசோனாதானேம்மா" என்றார். மறுநாள் மானுமென்ட் வேலிக்கு இருநூறு கிலோமீட்டர். நாலு மணி ஜீப் சவாரிக்கு முன்பதிவு செய்திருந்தோம். மூன்று நாற்பதுக்கே வண்டியை நிறுத்திவிட்டு, "இருபது நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன் பார்த்தியா" என்று பெருமை வேறு.

கவுன்டரில் இருந்த பெண் எங்களையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு மணி வண்டி போய் நாற்பது நிமிஷம் ஆகிவிட்டதாம்.

விஷயம் இதுதான். மானுமென்ட் வேலி இருப்பது நவஹோ என்கிற பூர்வகுடி மக்களின் நிலத்தில். அந்த நிலம் அரிசோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. மற்ற இரண்டு மாநிலங்களும் கடிகாரத்தை மாற்றுவதால், தங்கள் நாடு முழுக்க ஒரே மணி இருக்கட்டும் என்று இவர்களும் மாற்றுகிறார்கள். இந்த நிலத்துக்கு நடுவே தீவு மாதிரி ஹோப்பி என்கிற இன்னொரு பூர்வகுடி மக்களின் நிலம் இருக்கிறது. அவர்கள் மாற்றுவதில்லை! நல்லவேளை, நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. போயிருந்தால் இவர் காலண்டரையும் பூட்டியிருப்பார்.

நாளைக்கு வாருங்கள் என்றார் அந்தப் பெண். எங்களுக்கு நாளை இல்லை. சரி, நாமே ஓட்டிக்கொண்டு போவோம் என்று 27 கிலோமீட்டர் மண் சாலையில் எங்கள் செடான் காரை இறக்கினார். எதிரே வந்த ஜீப்புக்கு வழிவிட ஓரம் கட்டினதும் முன் சக்கரம் இரண்டும் மாவில் விரல் வைத்தது போல இறங்கிவிட்டன. இவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. கால்மிதியை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தோம். அது பின்னால் பறந்து போய் விழுந்தது.

கால் மணி நேரத்தில் ஒரு பிக்கப் வந்து நின்றது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர். வண்டியின் பின்னால் கம்பிக்கூண்டுக்குள் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி, பாதிக்கு மேல் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கயிறு எடுப்பார் என்று பார்த்தால், சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வால்வு மூடியைத் திருகி எடுத்து, சாவி நுனியால் உள்ளே அழுத்தினார். உஸ்ஸ் என்று காற்று இறங்கியது. நடுவில் காதை வைத்துக் கேட்டார், டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார், மறுபடி உஸ்ஸ். நாலு சக்கரத்துக்கும் அதே. டயர் தட்டையாகிப் பரந்து மணல்மேல் உட்கார்ந்ததும், "மெதுவா எடுங்க, பிரேக் போடாதீங்க" என்றார். முனகிக்கொண்டே கார் வெளியே வந்துவிட்டது.

பணம் நீட்டினோம், வாங்கவில்லை. ஐஸ் பெட்டியில் புளியோதரை இருந்தது, ஆனால் அதைக் கொடுக்கத் தைரியம் வரவில்லை. முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்தவர் வண்டியில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்தார். எந்த ஊர் என்று கேட்ட கையோடு, உங்கள் குலம் எது என்று கேட்டார். அவர்கள் வழக்கத்தில் ஒருவரைச் சந்தித்தால் நாலு குலம் சொல்ல வேண்டும்: அம்மாவுடையது, அப்பாவுடையது, அம்மாவைப் பெற்ற தாத்தாவுடையது, அப்பாவைப் பெற்ற தாத்தாவுடையது. பிள்ளைக்கு வருவது அம்மா குலம். ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரி. எங்கள் பக்கம் சிலர் கிளை என்று குலப் பிரிவு பார்ப்பார்கள். பிள்ளைக்கு அம்மாவின் கிளைதான். ஒரே கிளை என்றால் அண்ணன் தங்கை முறை, பெண் எடுக்கவும் மாட்டார்கள் கொடுக்கவும் மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பின்னே, வேற எப்படிப் பார்க்குறது?" என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

தண்ணீர்த் தொட்டி எதற்கு என்று கேட்டேன். வீடு அந்தப் பள்ளத்தாக்குக்கு உள்ளேதான். குழாய் இணைப்பு இல்லை. வாரத்தில் இரண்டு தடவை ஊருக்குள் போய்ப் பிடித்துக்கொண்டு வருகிறார். பாத்திரம் கழுவின தண்ணீர் செடிக்கு. சின்ன வயதில் நாலு குடம் வைக்கிற தள்ளுவண்டியை நானும் அம்மாவும் மணலில் தள்ளிக்கொண்டு வருவோம். ஒரு குடம் சாய்ந்தாலும் அன்றைக்குத் திட்டு நிச்சயம். அதையும் சொன்னேன். "உங்க வண்டிச் சக்கரத்துல காத்து இருந்துச்சா?" என்று கேட்டார். இல்லை, இரும்பு வளையம். "அதான் கஷ்டம்" என்றார்.

இரண்டு முறுக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

*

மேலே எழுதிய அக்காவின் பதிவைப் படித்ததும் எங்கள் கதை ஞாபகம் வந்தது. அதே வட்டாரம், வடக்கே யூட்டா பக்கம். மோக்கி டக்வே என்று ஒரு இறக்கம். 1950களில் மேலே இருந்த சுரங்கத்திலிருந்து கீழே மெக்ஸிகன் ஹாட் என்ற ஊர்ப் பக்கம் இருந்த ஆலைக்கு யுரேனியத் தாது கொண்டுபோக மலை முகத்தில் வெட்டிய பாதை. சுமார் ஐந்து கிலோமீட்டர் வெறும் சரளைக்கல். முந்நூறு மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். மேலே எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. நான் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறியவன், இது என்ன பிரமாதம் என்று சொல்லிவிட்டேன். வாடகைக் காரின் ஒப்பந்தத்தில் மண் பாதையில் ஓட்டக் கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது எனக்குத் தெரியாது, என் மனைவிக்குத் தெரியும். சொல்லவில்லை.

மூன்றாவது வளைவில் வீடு மாதிரி ஒரு கேம்பர் வண்டி, உள்ளே வயதான வெள்ளைக்காரத் தம்பதி. அந்த நீளத்துக்கு அந்தப் பாதையே ஆகாது. ஒரே மூச்சில் திருப்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டார்கள். ஓட்டுநர் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த அம்மாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது.

என் மனைவி இறங்கினாள். மாடிப்படியில்கூடக் கைப்பிடியை விடாதவள். கேம்பருக்குப் பின்னால் போய் நின்று பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி, "கம், கம், கம்... ஹோல்டேய்ன்!" என்று கத்தினாள். அவருக்கு அது புரிந்தது, அதுதான் அதிசயம். ஐந்து தடவை முன்னும் பின்னும் எடுத்து ஒடித்தார். கடைசியில் இவள், "ரை...ட், போலாம்!" பத்து வருஷம் அரசு பஸ்ஸில் கல்லூரிக்குப் போனது வீணாகவில்லை.

(பத்து வருஷம் இல்லை, மூன்று வருஷம் என்று பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறாள்.)

*

மேலே எழுதிய இருவருக்கும் பின்னால் நானும் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பேஜ் போகிறவர்கள் அங்கே பாறையைத் தண்ணீர் அறுத்த குறுகலான பள்ளமான ஆன்டலோப் கேன்யன் சவாரியை ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள். நாங்கள் போட்டோம். வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று என் கணவர் கேட்டார். வழிகாட்டி இளைஞர் தெற்கே தூரத்தில் கறுத்திருந்த ஒரு மேகத்தைக் காட்டினார். 1997 ஆகஸ்ட் 12ஆம் தேதி கீழ் கேன்யனில் பதினொரு பேர் இறந்ததும் இப்படித்தானாம். மழை பெய்தது எங்கேயோ, தண்ணீர் வந்தது இங்கே. மறுநாள் காலையில் உள்ளே போனபோது அண்ணாந்து பார்க்கச் சொன்னார். தலைக்கு மேலே வெகு உயரத்தில் இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை குறுக்காகச் செருகிக் கிடந்தது. அதை அங்கே வைத்தது தண்ணீர். என் கணவர் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

மணலில் கார் புதைந்த கதை எழுதிய நான்தான் மறுபடி. அந்தப் பெரியவர் டயரில் காற்று எவ்வளவுக்கு இறக்கினார் என்று கேட்டிருந்தீர்களே. கயென்டா என்ற ஊரில் அளந்தபோது காற்றழுத்தம் இருபது பி.எஸ்.ஐ. இருந்தது. அதுவரைக்கும் நாற்பது கிலோமீட்டரை உருட்டிக்கொண்டே வந்தோம். பங்க்கில் காற்று அடிக்கிற இயந்திரம் சில்லறைக் காசு மட்டும்தான் விழுங்கும், எங்களிடம் கார்டு மட்டும்தான். இவர் கடைக்குள் போய்ச் சில்லறைக்காக ஒரு காபி வாங்கிவிட்டு, வாசல் கடிகாரத்தைப் பார்த்துத் தன் போனைத் திறந்து ஏதோ நோண்டினார். நான் ஒன்றும் கேட்கவில்லை.