லெய்டனில் மகள் வீட்டில் மூன்று மாதம்: பகல் பொழுதில் ஊரை எப்படிச் சுற்றுவது?

ஆதம்பாக்கத்து அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். மகள் நெதர்லாந்தில் லெய்டனில் இருக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் நானும் மனைவியும் கிளம்புகிறோம், நவம்பர் நடுவில்தான் திரும்புவோம். மகளும் மாப்பிள்ளையும் காலை எட்டு மணிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவார்களாம். அதுவரை ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு ஆகாது.

இங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை என்று பழைய தெருக்களில் நடப்பது என் வழக்கம். போர்டைப் படிப்பது, கட்டடத்தில் செதுக்கியிருக்கும் வருஷத்தைப் பார்ப்பது, டீக்கடையில் யாராவது பெரியவரிடம் வாயைக் கொடுப்பது, அவ்வளவுதான் என் பொழுதுபோக்கு. யூடியூபில் தேடினால் எல்லாமே "ஒரே நாளில் லெய்டன்" என்றுதான் வருகிறது. எனக்கு ஒரு நாள் இல்லை, கிட்டத்தட்ட எண்பது நாள் இருக்கிறது. அந்த ஊரில் குடியிருப்பவர்கள் எதைப் பார்ப்பார்கள், எந்தக் கதையைச் சொல்வார்கள் என்று தெரிய வேண்டும். மனைவிக்கு மூட்டுவலி, மெதுவாகத்தான் நடப்பாள். சைவம். அப்புறம், பள்ளிக்கூடத்தில் படித்த லெய்டன் செப்பேடு இந்த ஊர்ப் பெயரில்தானே? அதைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

கால்வாய்க்கரை:

சார், நான் குரோம்பேட்டைக்காரி, இப்போது லெய்டன் வாசி. முதலில் உங்கள் தேதிக்கு ஒரு சபாஷ். அக்டோபர் 3 உள்ளே வருகிறது. இந்த ஊரில் எந்தக் கதையை எடுத்தாலும் அது 1574-இல் போய்த்தான் முட்டும், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது இது ஸ்பெயின் அரசனின் ஆட்சியை எதிர்த்து நின்ற ஊர். ஸ்பானியப் படை சுற்றி வளைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளே ஒரு மணி தானியம் போகவிடவில்லை. பசியிலும் கொள்ளைநோயிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கடைசியில் வெளியே இருந்தவர்கள் கரைகளை உடைத்து, பல மைல் வயல்வெளியை வேண்டுமென்றே தண்ணீரில் மூழ்கடித்து, அதன் மேல் தட்டை அடிப் படகுகளில் வந்தார்கள். தண்ணீர் போதாமல் படகுகள் பல நாள் நடுவில் நின்றுவிட்டன, பிறகு புயல் காற்று அடித்து நீர் ஏறியதும் ஸ்பானியர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஓடினார்கள். அக்டோபர் 3 காலையில் படகில் வந்தது ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும். இன்றைக்கும் அந்தக் காலையில் 'டி வாக்' என்கிற பழைய எடைக்கூடத்தில் ஊர்க்காரர்களுக்கு அதே இரண்டையும் கொடுக்கிறார்கள். விட்டுப்போன ஸ்பானிய முகாமில் ஒரு அநாதைப் பையன் சூடான குழம்புச் சட்டியைக் கண்டெடுத்தான் என்று ஒரு கதை உண்டு, அந்தச் சட்டி என்று சொல்லப்படுவது லாகன்ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நினைவாக அன்று வீட்டுக்கு வீடு ஹுட்ஸ்பாட் சாப்பிடுவார்கள், கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்தது. பக்கத்தில் மாட்டிறைச்சி வைப்பார்கள், அது வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள். மிளகாய்ப்பொடி கையோடு கொண்டு வந்துவிட்டால் பிரச்சினை இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு ப்ரேஸ்ட்ராட் தெருவில் நகர மன்றக் கட்டடத்துக்குப் போங்கள். 1929-இல் தீப்பிடித்து முழுக்க எரிந்தது, முன்சுவர் மட்டும் தப்பித்தது, பின்னால் இருப்பதெல்லாம் புதிது. அந்த முன்சுவரில் முற்றுகையைப் பற்றி ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் 131 எழுத்து, முற்றுகை நடந்த நாளும் 131. சில எழுத்துகளை மட்டும் பெரிதாக, தங்க நிறத்தில் செதுக்கியிருப்பார்கள், அவற்றை ரோமன் எண்களாக எடுத்துக் கூட்டினால் 1574 வரும். பசியில் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் செத்ததையும் அதே கல் சொல்கிறது. நீங்கள் வருஷம் தேடும் ஆள் என்பதால் சொல்கிறேன், எதிர் நடைபாதையில் ஒரு பேனாவும் தாளுமாக நின்றால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

ஊரைப் புரிந்துகொள்ள முதல் வாரத்திலேயே பர்க் கோட்டைக்கு ஏறிவிடுங்கள். ரைன் ஆற்றின் இரண்டு கிளைகள் சேரும் இடத்தில் மண்ணைக் கொட்டி உண்டாக்கிய மேடு, மேலே வட்டமான மதில், அவ்வளவுதான். அரண்மனை கிரண்மனை எதுவும் இல்லை, காசும் கிடையாது. மதில் மேல் நடந்தால் மொத்த ஊரும் தெரியும். அம்மாவுக்குப் படி கஷ்டம், அவர் கீழே உட்காரட்டும். புதன், சனிக்கிழமைகளில் பக்கத்திலேயே ஆற்றங்கரைச் சந்தை, கூரை போட்ட பாலம் ஒன்று நடுவில் இருக்கும், முன்னே அங்கேதான் தானியம் விற்றார்கள்.

ரயில்சிநேகன்:

மேலே எழுதியவர் மன்னிக்கணும், எண்பது நாளும் ஒரே ஊரா? லெய்டன் சின்ன ஊர் சார், இரண்டு வாரத்தில் கால்வாயெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். ரயில் ஏறினால் ஹேக் கால் மணி நேரம், டெல்ஃப்ட், ஹார்லெம் எல்லாம் பக்கம், ஆம்ஸ்டர்டாம் நாற்பது நிமிஷத்துக்குள். ரெம்பிராண்ட் 1606-இல் பிறந்தது லெய்டனில்தான், ஆனால் அந்த வீடு இப்போது இல்லை, அவருடைய பேர்போன ஓவியங்களைப் பார்க்க ஹேக்கும் ஆம்ஸ்டர்டாமும்தான் போக வேண்டும். இரண்டு பேரும் மியூசியம்கார்ட் என்கிற வருட அட்டை வாங்குவது பற்றி மகளிடம் பேசுங்கள், நிறைய அருங்காட்சியகம் பார்ப்பவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

இன்னொன்று. சொந்தக்காரர்கள் எல்லோரும் "துலிப் தோட்டம் பார்த்துட்டு வாங்க" என்பார்கள். செப்டம்பரில் துலிப் கிடையாது, அது மார்ச் கடைசியிலிருந்து மே வரைதான்.

கால்வாய்க்கரை:

ஹேக் போகட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் இரண்டு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும் என்று சொல்கிறவர்கள் கால்வாயைப் பார்த்திருப்பார்கள், கரையில் இருப்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு இடம் சொல்கிறேன்.

ஸ்டேன்ஸ்குர் கால்வாய் ஓரமாக வான் டெர் வெர்ஃப் பூங்கா இருக்கிறது. மத்தியானம் பார்த்தால் பிள்ளைகள் புல்லில் படுத்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். நெருக்கமான இந்தப் பழைய ஊரின் நடுவில் இவ்வளவு காலி இடம் எப்படி வந்தது? 1807 ஜனவரி 12-ஆம் தேதி வெடிமருந்து ஏற்றிய ஒரு படகு இங்கே கரையில் கட்டி நின்றபோது வெடித்தது. சுமார் 150 பேர் செத்தார்கள், தெருத் தெருவாக வீடுகள் தரைமட்டம். அந்த நிலத்தில் மறுபடி வீடு எழும்பவில்லை, நெடுநாள் அதை இடிபாடு என்றேதான் அழைத்தார்கள். கால்வாயின் ஒரு பக்கம் பூங்கா ஆனது. நடுவில் நிற்கும் சிலை முற்றுகைக் கால மேயருடையது, "பசித்தால் என் கையை வெட்டித் தின்னுங்கள், சரணடைய மாட்டேன்" என்று சொன்னதாகக் கதை இருக்கிறதே, அவர்.

மறு பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம் வந்தது. அங்கேதான் காமர்லிங் ஓனஸ் 1908-இல் ஹீலியம் வாயுவைத் திரவமாக்கினார், மைனஸ் 269 டிகிரி. 1911-இல் அதே இடத்தில் பாதரசத்தைக் குளிர்வித்துப் பார்த்தால் மின்தடை அப்படியே காணாமல் போகிறது. இன்றைக்கு ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. மெஷினில் மின்தடை இல்லாத கம்பிச் சுருளால் ஆன காந்தத்துக்கு அதுதான் ஆரம்பம், அதைக் குளிர வைப்பதும் அதே திரவ ஹீலியம்தான். இப்போது அந்தக் கட்டடத்தில் சட்டம் படிக்கிறார்கள். ஒரு கால்வாய், இரண்டு கரை, நடுவில் ஒரு பெஞ்ச். அம்மாவும் உட்காரலாம்.

துலிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பூ பார்க்க முடியாது, அது வேர் பிடித்த தோட்டத்தைப் பார்க்கலாம். முற்றுகையைத் தாங்கிய ஊருக்கு வெகுமதியாக 1575-இல் ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது, 1590-இல் அதற்கு மூலிகைத் தோட்டம், பிறகு க்ளூசியஸ் என்கிற தாவரவியல்காரர் துருக்கிப் பக்கத்திலிருந்து வந்த கிழங்குகளை அங்கே நட்டார். அவர் நட்டது வியாபாரத்துக்கு இல்லை, பாடத்துக்கு. 1601-இல் வைத்த ஒரு மரம் இன்னும் நிற்கிறது, பக்கத்தில் எழுதியிருக்கும். மழை பெய்தால் கண்ணாடி வீட்டுக்குள் போய்விடுங்கள், உள்ளே நம்ம ஊர் புழுக்கம்.

எண்ணூர் தாண்டி:

லெய்டன் போவது இருக்கட்டும் சார், கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் பழவேற்காடு போய்விட்டு வாருங்கள். ஆதம்பாக்கத்திலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானம் திரும்பிவிடலாம். டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான், பிறகு நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். கோட்டையில் இன்றைக்குப் புதரும் அகழி இருந்த தடமும்தான் மிச்சம். ஆனால் கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள், உள்ளே கல்லறைப் பலகைகளில் குடும்பச் சின்னமும் டச்சு எழுத்தும் ஆழமாக வெட்டி, பல இடத்தில் நேற்று வெட்டியது மாதிரி இருக்கும். லெய்டனில் பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்துக்குள் தரை முழுக்க இதே போன்ற கல்லறைப் பலகைகள்தான். இரண்டையும் பார்த்தவருக்குத்தான் அந்தப் பொருத்தம் தெரியும்.

மேலே எழுதியவர் ஊரின் வீரத்தை நன்றாகச் சொன்னார், கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லெய்டனின் பணம் கம்பளித் துணியில் வந்தது, லாகன்ஹால் கட்டடமே 1640-இல் துணியைச் சோதித்து ஈய முத்திரை குத்துவதற்காகக் கட்டியது. கிழக்கே வந்த டச்சுக் கம்பெனி நம்ம கரையில் பருத்தித் துணியை வாங்கி, இந்தோனேசியத் தீவுகளில் அதைக் கொடுத்து மசாலா வாங்கியது. துணி மட்டும் போகவில்லை, 1620-களில் பழவேற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கான நம்ம ஆட்களை அடிமைகளாக பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியிருக்கிறார்கள். ஸ்பெயினிடமிருந்து விடுதலை கேட்டுப் பட்டினி கிடந்த ஊர்க்காரர்களின் பேரன்கள் காலத்தில் நடந்தது இது. அருங்காட்சியகத்தில் மசாலாப் படத்தின் முன் நிற்கும்போது இதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

செப்பேடு கேட்டீர்களே. ஆனைமங்கலம் செப்பேடுகள்தான் அவை. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் கட்டிய சூடாமணி விகாரம் என்கிற புத்தர் கோயிலுக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்த ஆவணம், செப்பேட்டில் பொறித்து நிலைப்படுத்தியது ராஜேந்திரன். பெரிய தொகுதியில் 21 ஏடு, ராஜேந்திரனின் முத்திரை வளையம், மொத்தம் 30 கிலோ. சின்னது குலோத்துங்கன் காலத்தது, 3 ஏடு. நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையில் இருந்த காலத்தில், 1700-களின் தொடக்கத்தில் ஒரு பாதிரியார் குடும்பத்தின் வழியாக நெதர்லாந்துக்குப் போய், 1862-இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே அது நூலகப் பெட்டகத்தில் இருந்த சமாச்சாரம், டிக்கெட் வாங்கிப் பார்க்கும் காட்சிப்பொருளாக வைத்திருக்கவில்லை. அதற்காக எதிர்பார்ப்போடு போகாதீர்கள்.

ஆதம்பாக்கத்து அப்பா:

அடேயப்பா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. பழவேற்காடு அடுத்த ஞாயிறு, முடிவாகிவிட்டது. எண்ணூர் தாண்டி சொன்னதை மகளிடம் படித்துக் காட்டினேன், அவளுக்கே பாதி தெரியவில்லை. இரண்டு நடைமுறைக் கேள்வி. உட்கார இடமும் கழிப்பறையும் கிடைக்குமா? யாருடனாவது பேச வாய்ப்பு உண்டா, இல்லை எல்லோரும் சைக்கிளில் பறந்துவிடுவார்களா?

கால்வாய்க்கரை:

பறப்பார்கள்தான், ஆனால் கேட்டால் நின்று பதில் சொல்வார்கள், ஆங்கிலம் எல்லோருக்கும் வரும். வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், அதுவே போதும். இந்த ஊரில் 1992-லிருந்து சுவர்களில் கவிதை எழுதுகிறார்கள், நூற்றுக்கு மேல் இருக்கிறது, ரஷ்யன், ஜப்பான் என்று அந்தந்த மொழியின் எழுத்திலேயே. புர்ஹாவ் என்கிற அறிவியல் அருங்காட்சியகத்தின் சுவரில் ஐன்ஸ்டைனின் சமன்பாடு, அவர் இங்கே வருகைப் பேராசிரியராக இருந்தவர். எதையாவது அண்ணாந்து பார்த்து நிற்கும் வெளியூர்க்காரரிடம் பேசாமல் போகும் பெரியவர்களை நான் இங்கே அதிகம் பார்த்ததில்லை.

உட்கார ஹோஃப்யே தேடுங்கள். ஏழை முதியவர்களுக்காகப் பணக்காரர்கள் கட்டி வைத்த சின்ன வீடுகள், நடுவில் தோட்டம், தெருவிலிருந்து பார்த்தால் வெறும் கதவுதான் தெரியும். முப்பதுக்கு மேல் உண்டு. பல இடங்களில் பகலில் திறந்திருக்கும், ஆனால் ஜனங்கள் குடியிருக்கும் இடம், போனில் சத்தம் போடாமல் இருக்கணும். செப்டம்பர் இரண்டாம் வார இறுதியில் பாரம்பரியக் கட்டடங்களை ஊர் முழுக்க இலவசமாகத் திறந்துவிடுவார்கள், மற்ற நாளில் உள்ளே விடாத இடங்கள் கூட அன்று கிடைக்கும்.

பொதுக் கழிப்பறை குறைச்சல், இருந்தாலும் காசு. நகர நூலகம், அருங்காட்சியகக் காபிக்கடை, இந்த இரண்டையும் வைத்து உங்கள் பாதையைப் போட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும். தெருவைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பாருங்கள், வண்டி அங்கிருந்துதான் வரும், சிவப்புத் தார் போட்ட பாதை சைக்கிளுக்கு, அதில் நின்று போட்டோ எடுத்தால் மணி அடித்தே விரட்டுவார்கள். அக்டோபர் 3 உள்ளூர் விடுமுறை, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே நடு ஊரில் ராட்டினமும் கூட்டமும், பஸ் வழி மாறும். அதனால் காய்கறி, தயிர் எல்லாம் ஒன்றாம் தேதியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள், காலையில் சீக்கிரம் போனால் அம்மாவுக்கு உட்கார இடம் பிடிக்கலாம்.