கோத்தகிரி வீடு – குடும்ப குரூப்

காலை 6:10

சித்தி: இவருக்கு ராத்திரி பூரா தலவலி. மூணு வாரமாச்சு. தைலம் தேச்சுத் தேச்சு நெத்தியே உரிஞ்சு போச்சு. இப்ப வாந்தி வேற.

பெரியப்பா: பனிக்காத்து ஒத்துக்கலம்மா, குல்லா போடச் சொல்லு. ஆஸ்பத்திரியில எடுத்த சிடி ஸ்கேன் நார்மல்தானே?

அக்கா: இருங்க பெரியப்பா. சித்தி, அங்க கிட்னி மாத்தினதைச் சொன்னீங்களா?

சித்தி: அவங்க கேக்கல கண்ணு. சைனஸ்னு மாத்திரை கொடுத்தாங்க.

அக்கா: இதான் எனக்குக் கடுப்பு 😡 மாத்தின கிட்னிக்காக அவர் சாப்பிடுற டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு ரெண்டும் எதிர்ப்பு சக்திய அமுக்கி வச்சிருக்கும். மூளையில பூஞ்சை வந்தாக்கூட காய்ச்சல் பெருசா காட்டாது. சிடி நார்மலாவே வரலாம். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கணும், இன்னிக்கே கீழ எறங்குங்க.

தம்பி: கருப்புப் பூஞ்சையாக்கா? 2021ல வந்துச்சே

அக்கா: அது மூக்குல ஆரம்பிச்சு கண்ணு வழியா ஏறும், சுகர்காரங்களுக்குத்தான் அதிகம். எனக்கு கிரிப்டோகாக்கஸ்ங்கிற வேற பூஞ்சை மேலதான் சந்தேகம். மூச்சுல நுரையீரலுக்குப் போய், ரத்தத்துல மூளைக்கு வரும்.

பெரியப்பா: எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்துச்சு, "தைல மரத்தில் மூளைப் பூஞ்சை! உடனே பகிரவும்" – வீட்டச் சுத்தி அதானே நிக்குது பாப்பா?

அக்கா: ஆஸ்திரேலியாவுல 1990ல ஒரு ஜாதி தைல மரத்துல இந்தப் பூஞ்சையில ஒரு வகையக் கண்டுபிடிச்சது நிஜம். நம்ம மலையில பெரும்பாலும் வேற ஜாதி மரம். இன்னொரு வகை புறா எச்சத்துல இருக்கும். கோடாலிய எடுத்துறாதீங்க 🙏

காலை 9:25

சித்தி: மேட்டுப்பாளையம் வந்தாச்சு.

அக்கா: மோதிரம், ஜிப் வச்ச ஸ்வெட்டர் கழட்டிருங்க. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரிப்போர்ட் கையில இருக்கட்டும், படம் தெளிவா தெரிய ஊசியில ஏத்துற கான்ட்ராஸ்ட் மருந்து போடலாமான்னு அத வச்சுதான் பாப்பாங்க.

மாலை 4:50

அக்கா: படம் பாத்தேன். மூளை நடுவுல சோப்பு நுரை மாதிரி சின்னச் சின்னக் குமிழ். ரத்தக்குழாய் உள்ள நுழையிற சந்துல கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை பசையாட்டம் சேந்து சந்த அகலமாக்கிருது. வளையமா கட்டி தெரிஞ்சு உள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா ஆஸ்பர்ஜில்லஸ்ங்கிற இன்னொரு பூஞ்சைன்னு யோசிச்சிருப்பாங்க. ஆனா டிபியும் வளையமாத்தான் தெரியும். அதனால படத்தோட விட மாட்டாங்க, முதுகுத் தண்ணி எடுக்கணும்.

பெரியப்பா: முதுகுல ஊசியா! கால் விழுந்துரும்பாங்களே?

அக்கா: தண்டுவடம் முடிஞ்ச எடத்துக்குக் கீழதான் குத்துவாங்க. தலைக்குள்ள அழுத்தம் ஏறியிருந்தா, கொஞ்சம் வடிச்சாலே வலி குறையும்.

இரவு 9:40

தம்பி: கிரிப்டோகாக்கஸ் ஆண்டிஜன் டெஸ்ட் பாசிட்டிவ்க்கா. ஆம்போடெரிசின்னு பூஞ்சை மருந்து ஏத்துறாங்க. அப்பா தலவலி பரவால்லன்னு டீ கேக்குறாரு ☕

அக்கா: அந்த மருந்து கிட்னியப் பதம் பாக்கும், தெனம் ரத்தம் எடுப்பாங்க. சித்தி, டாக்ரோலிமஸ் அளவையும் மாத்துவாங்க. பழைய சீட்டுப்படி நீங்களா கொடுத்துறாதீங்க.

சித்தி: மாத்திரைய எல்லாம் ஹார்லிக்ஸ் டப்பாவோட நர்ஸ்கிட்ட கொடுத்துட்டேன் சாமி.