கம்ப்யூட்டரில் எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கணுமா, வேண்டாமா?

கோட்டைஅகழி:
நேற்று இங்கே காட்பாடிஜங்ஷன் ஒரு பையனுக்குக் கொடுத்த யோசனையைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டி) மாற்றும்போது "பிளக்கைப் பிடுங்காதே, பின்னாடி இருக்கிற சுவிட்சை மட்டும் அணை, எர்த் இருந்தால்தான் ஸ்டேட்டிக்கில் (உடம்பில் சேருகிற நிலைமின்சாரத்தில்) மதர்போர்டு போகாது" என்று எழுதியிருக்கிறார். எந்த வீட்டு எர்த்தை நம்பி, சார்? வேலூர் சத்துவாச்சாரியில் நான் இருக்கும் வாடகை வீட்டில் பிளக் பாயின்டைக் கழற்றிப் பார்த்தேன். எர்த் முனையில் பச்சைக் கம்பி இருக்கிறது. அதன் மறுமுனை பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது, பக்கத்தில் பல்லி முட்டை ரெண்டு. இதுதான் நம்ம ஊர் எர்த்.

பிளக்கைப் பிடுங்கு, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடி, உள்ளே தேங்கிய கரண்ட் காலியாகட்டும், அப்புறம் ஸ்க்ரூவில் கை வை. இவ்வளவுதான்.

காட்பாடிஜங்ஷன்:
பல்லி முட்டையை வைத்து எலக்ட்ரிகல் பாடம் நடத்துபவரை இப்போதுதான் பார்க்கிறேன். "எர்த் ஒழுங்காக இருக்கிற வீட்டில்" என்று நான் எழுதிய வரியை வசதியாக விழுங்கிவிட்டீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொட்டதும் சுருக்கென்று அடிக்கிறதே, அது நம் விரலுக்குத் தெரியவே சுமார் 3000 வோல்ட் ஆகணும். அதில் சின்னப் பங்கு போதும், போர்டில் இருக்கிற ஐசி சிப் காலி. சுவிட்ச் ஆஃப், எர்த் மட்டும் தொடர்பில். இதில் ஷாக் எங்கிருந்து வரும், சொல்லுங்கள்?

கோட்டைஅகழி:
சுவிட்ச் எந்தக் கம்பியை வெட்டுகிறது? நிறைய எஸ்எம்பிஎஸ்ஸில் அது ஒரு கம்பியைத்தான் வெட்டும். வயர்மேன் பேஸையும் (கரண்ட் வருகிற கம்பி) நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருந்தால் நீங்கள் வெட்டியது நியூட்ரலை. பேஸ் ஹாயாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். எர்த் ஓட்டை மேலே இருக்க நேரே நின்று டெஸ்டர் வைத்தால் வலது ஓட்டையில் எரியணும். தோட்டப்பாளையத்தில் என் மாமனார் வீட்டில் இடதுதான் எரிகிறது. பிளக்கைப் பிடுங்கு.

காட்பாடிஜங்ஷன்:
பேஸ் உள்ளே இருந்தால் இருக்கட்டும், அது மூடிய பெட்டி. நாலு ஸ்க்ரூவைக் கழற்றி முழுசாக வெளியே எடுக்கிறோம், உள்ளே யார் கை விட்டது?

பாலாறுமணல்:
ஒரு சந்தேகம். ரெண்டு பேரும் எர்த் எர்த் என்கிறீர்கள். சுவருக்குள் போகிற கம்பியைச் சொல்கிறீர்களா, கேபினட் இரும்பைச் சொல்கிறீர்களா? என் உடம்பும் கேபினட்டும் ஒரே மின்நிலையில் இருந்தால் போதும்தானே, அடிக்கடி இரும்பைத் தொட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. பூமி வரைக்கும் எதற்குப் போகணும்?

கோட்டைஅகழி:
அந்த ஆராய்ச்சி அப்புறம். பிளக் பிடுங்கணுமா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

2011 கோடையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. நானும் அப்போது இவரைப் போல மேதாவி. பின் சுவிட்ச் ஆஃப், பிளக் குத்தியபடி. ஸ்க்ரூ ஒன்று நழுவி மதர்போர்டுக்கு அடியில் போய்விட்டது. குலுக்கி எடுக்கலாம் என்று கேபினட்டைச் சாய்த்தேன். பின்பக்கம் சுவரில் இடித்துச் சுவிட்ச் அழுந்திவிட்டது. கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையே என்று அசட்டையாக இருந்தேன். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஊதாக் கம்பியில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை வந்துகொண்டே இருக்கும், அதற்குப் பவர் பட்டன் வேண்டாம். சட்டென்று ஒரு சத்தம், ஒரு நூல் புகை, கருகிய நாற்றம். கடைக்காரர் வாயே திறக்கவில்லை, கல்லாவிலிருந்து என் கூலியை எடுத்து எண்ணினார், திரும்பக் கல்லாவிலேயே போட்டார்.

காட்பாடிஜங்ஷன்:
ஸ்க்ரூவை நழுவவிட்டது உங்கள் கை. பழி என் எர்த் மேல். சரி, பின் சுவிட்சை நம்ப வேண்டாம், சுவர் சுவிட்சை அணையுங்கள். நம்ம ஊர் பாயின்டில் சுவிட்ச் இருக்கிறதே, அணைத்தாலும் எர்த் அப்படியே இருக்கும்.

கோட்டைஅகழி:
மாமனார் வீட்டில் அந்தச் சுவிட்சே நியூட்ரலில்தான் இருக்கிறது என்று எத்தனை தடவை சொல்வது?

காட்பாடிஜங்ஷன்:
இப்போதுதான் முதல் தடவை சொல்கிறீர்கள்.

ராணிப்பேட்டைவாசி:
பட்டனைப் பத்து செகண்ட் அழுத்தினால் கெப்பாசிட்டர் (கரண்டைத் தேக்கிவைக்கிற பாகம்) காலியாகும் என்று கோட்டைஅகழி அண்ணன் சொல்வது நல்லா ஓடுகிற எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சரி. செத்துப்போனதைத்தானே பெரும்பாலும் மாற்றுகிறோம்? அது ஓடவே ஓடாதபோது பட்டன் எதைக் காலி செய்யும்? 230 ஏசியை நேராக்கினால் உள்ளே 325 வோல்ட் டிசி, பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கிற சர்க்யூட்) இருந்தால் 380க்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். ஆகவே ஃபேன் மாற்றுகிறேன் என்று பெட்டியைத் திறக்காதீர்கள்.

கோட்டைஅகழி:
பெட்டியைத் திறக்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? நீங்கள்தான் 2019-ல் தனி மாவட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்களே, வேலூர் பிளக்கில் உங்களுக்கு இன்னா வேலை?

ராணிப்பேட்டைவாசி:
ஆற்காடு எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வட ஆற்காடு என்ற பழைய மாவட்டப் பேரே எங்களுடையது, நீங்கள்தான் அதில் குடியிருந்தீர்கள்.

பாலாறுமணல்:
பாலாற்றில் தண்ணீர் வருவதற்குள் இது முடியாது போல.

ராணிப்பேட்டைவாசி:
2021 நவம்பரில் வெள்ளமே வந்தது. தூங்கிக்கொண்டு இருந்தீர்களா?

காட்பாடிஜங்ஷன்:
பழசு ஒன்று ஞாபகம் வருகிறது. போன வருடம், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளையே (பெட்டியிலிருந்து தனியாகக் கழற்றக்கூடியது) புதிதில் செருகலாம் என்று இங்கே ஒருவருக்குச் சொல்லி, அவருடைய ரெண்டு ஹார்ட் டிஸ்க் செத்தது. கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல், பின் வரிசை மாறும் என்பது தெரியாமல் சொன்னது யார்?

கோட்டைஅகழி:
நான் "பொருந்தும்" என்றுதான் சொன்னேன். பொருந்தியது.

பேச்சை மாற்றாதீர்கள். பிளக்.

குடியாத்தம்லுங்கி:
வணக்கம். மேலே "பையன்" என்று சொல்லப்பட்டவன் நான்தான். வயது 41. எஸ்எம்பிஎஸ் மாற்றிவிட்டேன். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா?

காட்பாடிஜங்ஷன்:
ஸ்டேட்டிக்கில் ராம் போயிருக்கும். நான் சொன்னபடி எர்த்தோடு செய்திருந்தால் இது வந்திருக்காது.

கோட்டைஅகழி:
இவர் பேச்சைக் கேட்டுப் பிளக்கைப் பிடுங்காமல் செய்திருப்பார், அதான்.

ராணிப்பேட்டைவாசி:
புராசஸர் பக்கத்தில், போர்டின் மேல் ஓரத்தில் 4 பின்னோ 8 பின்னோ தனியாக ஒரு கனெக்டர் இருக்கும். போர்டுக்கான பெரிய 24 பின் கனெக்டரை மட்டும் செருகினால் ஃபேன் சுற்றும், படம் வராது. பாருங்கள்.

குடியாத்தம்லுங்கி:
அதேதான் அண்ணா. பவர் கார்டைக் கழற்றிவிட்டுச் செருகினேன். வந்துடுச்சு. நன்றி.

கோட்டைஅகழி:
பார்த்தீர்களா, கழற்றிவிட்டுத்தான் செருகியிருக்கிறார். தம்பி, முதல் தடவை மாற்றும்போது பிளக் பிடுங்கினீர்களா?

குடியாத்தம்லுங்கி:
அப்போ கரண்டே இல்லீங்க. மாத பராமரிப்புன்னு காலையிலேயே நிறுத்திட்டாங்க.

கோட்டைஅகழி:
கரண்ட் இல்லாவிட்டாலும் பிடுங்கணும். எந்த நிமிஷம் வரும் என்று யாருக்குத் தெரியும்?

காட்பாடிஜங்ஷன்:
கரண்ட் இல்லாதபோதும் எர்த் இருந்தது. கவனிக்கவும்.

கோட்டைஅகழி:
குடியாத்தத்திலா?