ஹாலிஹாக் இலையடியில் துருப் புள்ளிகள்: பிடுங்கிப் போட்டுவிடவா?

மேட்டுவீட்டுக்காரி (குன்னூர்):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஜூலையில் ஒரு நர்சரியில் ஆறு ஹாலிஹாக் நாற்று வாங்கினேன். ஒன்று 40 ரூபாய். மூன்றே மாதத்தில் பூக்கும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் விற்றார்கள். மூன்று மாதத்தில் பூரித்தது அவர்கள் கல்லாப்பெட்டி மட்டும்தான். தீபாவளி போனது, பொங்கல் போனது, இலை மட்டும் பூசணி இலை மாதிரி விரிந்து தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. "இது என்ன கீரை, கடையலாமா?" என்று மாமியாரே கேட்டுவிட்டார். இதற்கிடையில் ஒரு செடியைக் காட்டெருமை மிதித்துவிட்டது. இன்னொன்று நட்ட வாரமே வாடிவிட்டது.

மீதி நான்கும் ஏப்ரலில் திடீரென்று தண்டு விட்டன பாருங்கள், மே மாதத்தில் என் தலைக்கு மேல் போய்விட்டன. இரண்டு வெளிர் ரோஸ், ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்போ என்று தோன்றும் அளவுக்குக் கருஞ்சிவப்பு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போது ஜூன் மழை பிடித்ததும் கீழ் இலைகளில் மஞ்சள் பொட்டு விழுந்திருக்கிறது. இலையைத் திருப்பினால் அடியில் கேழ்வரகை ஒட்டிவைத்த மாதிரி செம்பழுப்பாகப் புடைப்புகள். வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து இரண்டு முறை அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டக்கா, "எல்லாவற்றையும் பிடுங்கிப் போடு, இல்லாவிட்டால் உன் ரோஜாவுக்கும் வந்துவிடும்" என்கிறார். ரோஜாத் தொட்டி பன்னிரண்டு வைத்திருக்கிறேன். என்ன செய்ய?

கேத்திக்காரர்:

அம்மா, பிடுங்க வேண்டாம். பூக்கிற செடியைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்!

இது துரு நோய். நீங்கள் சொன்ன கேழ்வரகு அடையாளம் ஒன்றே போதும். முதலில் ரோஜாப் பயத்தை விடுங்கள். ரோஜாவுக்கு வரும் துரு வேறு பூஞ்சை. இது ஹாலிஹாக் சேர்ந்த துத்திக் குடும்பத்தைத் தாண்டாது. நம் குன்னூர் பக்கத்து வெலிங்டனில் கோதுமைத் துருவை ஆராய்ச்சி செய்கிறார்களே, அந்தக் கோதுமைத் தண்டுத் துருவுக்கு வாழ்க்கையை முடிக்க இரண்டு வகைச் செடி வேண்டும். ஹாலிஹாக் துருவுக்கு அந்தத் தொல்லையே இல்லை, ஒரே செடியில் பிறந்து அங்கேயே பெருகும். அதனால்தான் இவ்வளவு வேகம். இலை சில மணி நேரம் ஈரமாக இருந்தாலே போதும், நம் ஊர் மழையில் கேட்கவா வேண்டும்.

வேப்பெண்ணெயால் பயனில்லை, பூஞ்சை இலைக்குள் போய்விட்டது. மழை விட்ட நாளாகப் பார்த்து, இலை காய்ந்த பிறகு, புள்ளி விழுந்த கீழ் இலைகளை எல்லாம் கிள்ளுங்கள். ஈரத்தில் கை வைத்தால் நீங்களே பரப்பிவிடுவீர்கள். முழங்கால் உயரம் வரை மொட்டையாகத் தெரியும், பரவாயில்லை. முன்னால் இரண்டு கொத்து டெய்சி வைத்தால் மறைந்துவிடும். கிள்ளியதை உரக்குழியில் போடாமல் பையில் கட்டி வெளியே அனுப்புங்கள். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், இலைமேல் தெளிக்காதீர்கள்.

மேல் இலைகளைக் காப்பாற்ற, லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) கலந்து அடிக்கலாம். ஆனால் நீங்கள் எண்ணெய் அடித்திருக்கிறீர்கள், அதிலிருந்து இரண்டு வாரமாவது போகட்டும். எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தால் இலை கருகும். கந்தகம் புதிதாகத் தொற்றாமல் தடுக்கும், அவ்வளவுதான். வந்த புள்ளி போகாது.

பூத்து முடிந்ததும் விதை எடுத்துக்கொண்டு தண்டோடு வெட்டி எறியுங்கள், மூன்றாம் வருஷத்துக்கு வைக்காதீர்கள். கிழட்டுச் செடிதான் துருவுக்குச் சத்திரம். நான் வருஷா வருஷம் புது விதையை நேரடியாக மண்ணில்தான் போடுகிறேன், இரண்டடி இடைவெளி விட்டு. இதற்கு ஆணிவேர் ஆழமாகப் போகும். சின்னப் பாக்கெட்டில் முற்றிய நாற்றின் வேர் சுருண்டுவிடும். உங்களுடையது ஒன்று வாடியதற்குக் காரணம் அதுவாக இருக்கும்.

மாடித்தோட்டம் (பெங்களூரு):

அக்கா, முதல் வருஷம் இலை, அடுத்த வருஷம் பூ என்பதுதான் பழைய ரகங்களின் வழக்கம். அதே வருஷம் பூக்கிற ரகமும் உண்டு. அக்டோபரில் 14 அங்குலத் தொட்டியில் போட்டேன், பிப்ரவரி கடைசியில் பூத்தது. ஐந்தடிக்கு மேல் வளரவில்லை. இங்கே பனிக்காலம் வறண்டது என்பதால் துரு குறைவு, செஞ்சிலந்திதான் தொல்லை.

கச்சான்காற்று (லண்டன்):

தங்கச்சி, இங்கே எங்கட வளவிலும் இதே கதைதான். ஆனால் நடைபாதைக் கல் இடுக்கில் தானாக விழுந்து முளைத்தது, நான் பசளை போட்டு வளர்த்ததைவிடத் துப்புரவாக நிற்கிறது. கல்லும் சுவரும் மழை ஈரத்தைக் கெதியாகக் காயவைக்குது என்று நினைக்கிறேன்.

இந்தத் துரு சிலியில் இருந்து வந்தது. 1873இல் இங்கிலாந்துக்கு வந்து சேர, நர்சரிக்காரர் பாடு திண்டாட்டம். எசெக்ஸில் சாஃப்ரன் வால்டன் என்ற ஊரில் வில்லியம் சாட்டர் என்று ஒருவர், சப்பாத்துத் தைத்துக்கொண்டிருந்தவர், ஹாலிஹாக் வளர்த்தே பேர் எடுத்தார். இப்பவும் விதைப் பக்கெட்டில் 'சாட்டர்ஸ் டபுள்' என்று இருக்கும். அடுக்கடுக்காய்க் கடதாசிப் பூ மாதிரி. எனக்கு ஒற்றை இதழ்தான் பிடிக்கும், வண்டுகள் உள்ளே போய் மகரந்தம் பூசிக்கொண்டு வருகிறதைப் பார்க்கலாம்.

அத்தி இலை மாதிரிப் பிளந்த இலையோடு ஒரு இனம் இருக்கு. அதற்குத் துரு குறைவாகத்தான் வரும். விதை கிடைத்தால் ஒருக்கா போட்டுப் பாருங்கோ.

மேட்டுவீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வெயில் எட்டிப் பார்த்தது. ஒரு கோணிப்பை நிறைய இலை கிள்ளினேன். நான்கும் மழையில் நனைந்த கோழி மாதிரி நிற்கின்றன, ஆனால் மேலே இன்னும் மொட்டு விடுகிறது. காற்றில் சாய்ந்திருந்த ஒன்றுக்கு மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டினேன். கந்தகம் இன்னும் அடிக்கவில்லை, எண்ணெய் அடித்த தேதியைக் காலண்டரில் பார்த்து வைத்திருக்கிறேன்.

கேத்திக்காரர் சொன்னதற்காக, வாடிப்போன செடி இருந்த இடத்தைத் தோண்டினேன். வேர் கெட்டியாகக் காய்ந்து, பாக்கெட் வடிவத்திலேயே முறுக்குச் சுற்றின மாதிரி இருந்தது. இனி நாற்றே வாங்குவதில்லை.

ஒரு சந்தேகம். கருஞ்சிவப்புச் செடியில் முதல் காய் முற்றிவிட்டது. அதன் விதையைப் போட்டால் அதே நிறம் வருமா?

கேத்திக்காரர்:

நான்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவே, தேனீ சும்மா இருந்திருக்குமா? எந்த நிறமும் வரலாம். அடுத்த வருஷம் அதே நிறம் வேண்டுமென்றால், மொட்டு விரிவதற்கு முன்பே வலைத்துணிப் பை கட்டி, விரிந்த பிறகு அந்தச் செடியின் மகரந்தத்தையே தூரிகையால் தொட்டுவிட வேண்டும்.

மேட்டுவீட்டுக்காரி:

அவ்வளவு பொறுமை எனக்கில்லை. வருகிறது வரட்டும். காயைப் பிரித்தேன், உள்ளே விதைகள் தட்டுத் தட்டாகச் சக்கரம் மாதிரி வட்டமாக அடுக்கியிருந்தன. மாமியார் வாங்கிப் பார்த்துவிட்டு, "அடி, இது நம் ஊர் துத்திக்காயேதான்" என்றார். சீமைத்துத்தி என்றுதான் பேரே என்றேன். அப்படியென்றால் கீரைதானே என்று பழையபடி ஆரம்பித்துவிட்டார்.