நான்கு பாகங்களை மாற்றிய பிறகும் கார் ஏசி குளிரவில்லை: அவசரம், உதவுங்கள்

மழைத்துளி
வணக்கம். என் காரின் ஏசியில் கேஸை அழுத்தும் கம்ப்ரஸர், அதன் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கேஸை விரியவிட்டுக் குளிர்விக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு நான்கையும் மாற்றியாகிவிட்டது. கேஸும் புதிதாக நிரப்பியாயிற்று. அப்படியும் சூடான காற்றுதான் வருகிறது. நாளை மறுநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு நீண்ட தூரம் போக வேண்டும். அவருக்கு வெக்கை ஆகாது. இனி எந்தப் பாகத்தை மாற்றுவது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வெப்பமானி
இதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது நண்பரே. எந்த ஆண்டு வண்டி? கேஸ் ஆர்-134ஏ தானா? அழுத்தம் காட்டும் கேஜில் இரண்டு பக்கமும் எவ்வளவு, அதாவது கம்ப்ரஸருக்குள் கேஸ் நுழையும் தாழ் பக்கமும் அழுத்தப்பட்டு வெளியேறும் உயர் பக்கமும்? எத்தனை கிராம் நிரப்பினார்கள்? வண்டி ஓடும்போதும் சூடான காற்றுதானா, நிற்கும்போது மட்டுமா?

திருகாணி
ஈரம் உள்ளே புகுந்திருக்கும். பாகம் மாற்றிய வண்டிகளில் பாதி இதனால்தான் கெடுகிறது என்பது என் அனுபவம். குழாய்கள் திறந்து கிடந்த நேரத்தில் காற்றோடு ஈரமும் உள்ளே போய்விடும். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வேக்யூம் பம்ப் போட்டு முழுமையாக எடுக்காவிட்டால் அந்த நீர் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். கேஜில் வேக்யூம் 28 அங்குலம் (பாதரச அளவில்) காட்டினால் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். 30 டிகிரி வெப்பத்தில் 28 அங்குல வேக்யூமில் நீர் கொதிக்காது. 29 அங்குலமாவது வேண்டும், அதுவும் முக்கால் மணி நேரம். எவ்வளவு நேரம் வேக்யூம் போட்டார்கள் என்று கேளுங்கள்.

பட்டறைவாசி
தம்பி, கேஜ் மாட்டிப் பார்க்காமல் பாகம் பாகமாக மாற்றுகிறவர்களை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். முதலில் ஏசி எப்படி வேலை செய்கிறது என்று படியுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள். அடிப்படை தெரியாதவருக்கு எத்தனை பேர் பதில் எழுதினாலும் பயன் இல்லை.

கடலோடி
டேஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் மடல் ஒன்று உண்டு. அதன் மோட்டார் சிக்கிக்கொண்டால் ஏசி நன்றாக இருந்தும் ஹீட்டர் காற்றுதான் வரும். பானட்டைத் திறந்து, உள்ளே போகும் இரண்டு குழாய்களில் தடித்த அலுமினியக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். அது சில்லென்று வியர்த்திருந்தால் குறை மடலில்தான். எனக்கு இப்படி நடந்திருக்கிறது.

மழைத்துளி
அனைவருக்கும் நன்றி. கேஸ் ஆர்-134ஏ. மெக்கானிக்கிடம் திரும்பப் போய்க் கேஜ் மாட்டிப் பார்த்தோம். வண்டி நிற்கும்போது தாழ் பக்கம் 60 பிஎஸ்ஐ, உயர் பக்கம் 340 பிஎஸ்ஐ. ஏசி போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் உயர் பக்கம் இன்னும் ஏறிக் கம்ப்ரஸர் டக் என்று நின்றுவிடுகிறது. சிறிது நேரம் கழித்துத் தானே ஓடுகிறது. குழாய் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. வெளியே 35 டிகிரி.

பட்டறைவாசி
340 என்றால் கேஸ் அதிகம். இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். தாழ் பக்க வால்வை மெதுவாகத் திறந்து, உயர் பக்கம் 220-க்கு வரும் வரை கேஸை வெளியே விடுங்கள்.

வெப்பமானி
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உயர் பக்க அழுத்தம் ஏற மூன்று காரணங்கள் உண்டு: கேஸ் கூடுதல், உள்ளே காற்று, கண்டென்சர் வெப்பத்தை வெளியேற்றாமை. மூன்றிலும் கேஜ் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் காட்டும். காற்று இருக்கிறதா என்று அறிய வழி இருக்கிறது. இன்ஜின் இரவு முழுதும் ஆறியபின் காலையில் கேஜ் மாட்டுங்கள். 30 டிகிரியில் ஆர்-134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். அதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால் உள்ளே காற்று. ஆனால் கேஸின் அளவை அந்த எண் சொல்லாது. திரவம் கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான். அளவுக்குத் தராசு ஒன்றே வழி. பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும்.

பட்டறைவாசி
தராசு வருவதற்கு முன்பே நாங்கள் ஏசி பார்த்தவர்கள். டிரையரின் கண்ணாடியில் குமிழி நின்றதும் கேஸை நிறுத்துவோம். அந்த வண்டிகள் பனிபோலக் குளிர்ந்தன.

வெப்பமானி
அவை ஆர்-12 என்ற பழைய கேஸில் ஓடிய வண்டிகள் ஐயா. பெரிய கண்டென்சர், கேஸும் கூடுதலாகப் பிடிக்கும். சிறிது ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் மொத்தமே அரைக் கிலோ அளவுதான். அதில் 50 கிராம் தவறினாலே தெரியும். ஆர்-134ஏ-யில் குமிழி மறையும் வரை நிரப்பினால் பெரும்பாலும் அளவு மீறிவிடும். உங்கள் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கேஸ் மாறிவிட்டது, முறையும் மாற வேண்டும் என்கிறேன். இன்னொன்று: ஓசோனை அழித்ததால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே ஆர்-12 படிப்படியாக நிறுத்தப்பட்டது. 134ஏ ஓசோனை அழிக்காது, ஆனால் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்ஸைடைப் போல் சுமார் 1430 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதை "வெளியே விடுங்கள்" என்று ஒருவருக்கு எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மீட்கும் இயந்திரத்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

பட்டறைவாசி
சின்னப் பட்டறைகளில் அந்த இயந்திரம் எங்கே இருக்கிறது? எல்லாரிடமும் இருப்பதுபோல் எழுதுகிறீர்கள்.

திருகாணி
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. வேக்யூம் எவ்வளவு நேரம்?

புதுச்சாவி
வெப்பமானி முதலிலேயே ஒன்று கேட்டார், அதற்குத்தான் பதில் வேண்டும். வண்டி வேகமாக ஓடும்போது குளிர்கிறதா?

மழைத்துளி
ஆம், நேற்று மாலை புறவழிச்சாலையில் நன்றாகவே குளிர்ந்தது. சிக்னலில் நின்றதும் சூடாகிவிட்டது. இது முக்கியம் என்று தோன்றவில்லை. கண்டென்சர் ஃபேன் ஓடுகிறது, கண்ணால் பார்த்தேன். வேக்யூம் எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

புதுச்சாவி
அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை முழுவதும் ஃபேனுடையது. ஃபேன் ஓடுவது சரி, எந்தப் பக்கம் ஓடுகிறது? கண்டென்சர் மாற்றும்போது ஃபேன் கூட்டையும் கழற்றியிருப்பார்கள். சாதாரண டிசி மோட்டாரில் இரண்டு வயரும் இடம் மாறினால் அது தலைகீழாகச் சுற்றும். பார்வைக்கும் காதுக்கும் வேறுபாடு தெரியாது.

உங்கள் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் இருந்தால் அது முன்னாலிருந்து காற்றை இழுக்க வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் இன்ஜின் பக்கத்துச் சூட்டை ரேடியேட்டர் வழியே தள்ளிக் கண்டென்சர் மேல் கொட்டும். அழுத்தம் 340-க்கு ஏறாமல் என்ன செய்யும்? அது மேலும் ஏறும்போது பாதுகாப்புச் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்துகிறது. அந்த 'டக்' அதுதான்.

வண்டியை நிறுத்தி ஏசி போடுங்கள். ஒரு தாளை முன்பக்கக் கிரில்லில் வையுங்கள். தாள் ஒட்டிக்கொண்டால் ஃபேன் சரி. தள்ளிவிட்டால் வயர் மாறியிருக்கிறது. கையையும் துணியையும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒட்டிக்கொண்டும் சூடாகவே இருந்தால், கண்டென்சரைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சுப் பட்டைகளைத் திரும்பப் பொருத்தினார்களா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டாலும் பின்னாலிருந்து சூடான காற்று சுற்றி வந்துவிடும்.

கடலோடி
நல்ல சோதனை. குழாய் வெதுவெதுப்பு என்று அவர் எழுதியபோதே நான் என் மடலை விட்டுவிட்டேன்.

பட்டறைவாசி
ஃபேன் தலைகீழாகச் சுற்றுவதெல்லாம் ஆயிரத்தில் ஒன்று. 60, 340 என்றால் எனக்கு இன்னும் கேஸ் கூடுதல்தான்.

வெப்பமானி
இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் ஐயா. ஆனால் தாளை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும், கேஸும் வீணாகாது. கேஸ் மட்டும் கூடுதல் என்றால் புறவழிச்சாலையில் அப்படி நன்றாகக் குளிர்ந்திருக்குமா என்பதும் எனக்குச் சந்தேகம்.

திருகாணி
ஈரம் உறைந்து அடைத்தால் தாழ் பக்கம் வேக்யூமை நோக்கி இறங்கும். இங்கே 60 இருக்கிறது. இந்த வண்டியில் என் கணிப்பு பொருந்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வேக்யூம் நேரத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மழைத்துளி
தாள் பறந்து கீழே விழுந்தது. ஃபேன் சாக்கெட் உடைந்து, வயரை வெட்டி முறுக்கி இணைத்திருந்தார்கள். மாற்றி இணைத்ததும் நின்ற நிலையில் தாழ் பக்கம் 38, உயர் பக்கம் 210. காற்று 9 டிகிரி. விடியற்காலையில் கிளம்புகிறோம். புதுச்சாவிக்கும் அனைவருக்கும் நன்றி.

புதுச்சாவி
மகிழ்ச்சி. கிளம்புமுன் அந்த முறுக்கிய இணைப்பைப் பற்றவைத்து உறை போடச் சொல்லுங்கள். ஃபேன் வயரில் மின்னோட்டம் அதிகம். தளர்ந்த இணைப்பு சூடேறி உருகும், வழியில் ஃபேன் நின்றால் ஏசியோடு இன்ஜினும் சூடாகும். அம்மாவுக்கு என் வணக்கம்.

வெப்பமானி
கேஸ் எத்தனை கிராம் என்று பில்லில் இருந்தால் திரும்பி வந்ததும் எழுதுங்கள். ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.