‘நம்ம வீடு’ குரூப்: பத்து வரைக்கும் போட்டுப் பார்த்தா போதாதா?

யாழினி: மாமா, நாளைக்கு மேத்ஸ் டெஸ்ட். 1+3+5+… னு முதல் கே (k) ஒற்றை எண்ணைக் கூட்டினா கே² வரும்னு தொகுத்தறிதல்ல நிரூபிக்கணும். 10 வரைக்கும் போட்டுப் பாத்துட்டேன், கரெக்டா வருது. அதையே எழுதிடவா?

குமார் மாமா: மார்க் வராது. வரவும் கூடாது 😄

யாழினி: ஏன்? 11ல மட்டும் மாறிடுமா?

குமார் மாமா: கே²+கே+41 எடுத்துக்கோ. 0 போட்டா 41, 1க்கு 43, 2க்கு 47, 3க்கு 53. எல்லாமே பகா எண். கணித மேதை ஆய்லர் 1772லயே இதப் பத்தி எழுதியிருக்கார். எதுவரைக்கும் தாங்கும்?

பிரபு: கம்ப்யூட்டர்ல லூப் போட்டுப் பாத்தேன். 39 வரைக்கும் பகா எண்தான். 40ல 1681. அது 41×41 🤯

யாழினி: அடப்பாவி

குமார் மாமா: அதனாலதான் தொகுத்தறிதல்: முதல் எண்ணுக்குச் சரி, ஒரு எண்ணுக்குச் சரின்னா அடுத்ததுக்கும் சரின்னு காட்டணும். சரி, முதல் கே ஒற்றை எண்ணைக் கூட்டினா கே²னு வச்சுக்கோ. அடுத்த ஒற்றை எண்?

யாழினி: 2கே+1

குமார் மாமா: ரெண்டையும் கூட்டு

யாழினி: கே²+2கே+1… (கே+1)² !!

சாந்தி அத்தை: சீரியல் பாக்க விடுறீங்களா? போன் கத்திக்கிட்டே இருக்கு. 4க்கு 4 கோலப்புள்ளிய 5க்கு 5 ஆக்கணும்னா பக்கத்துல 4, கீழ 4, மூலைல 1. 9 புள்ளி. இதுக்குப் போய் இவ்ளோ பேச்சா

குமார் மாமா: 🙏 நிரூபணமே அதான்

யாழினி: அத்தை சூப்பர் 😂 மாமா, கே=1 பாக்குறத விட்டுடலாம்ல? அது தெரிஞ்சதுதானே

குமார் மாமா: விட்டுடாத. ‘கே²+கே எப்பவும் ஒற்றை’னு நான் சொல்றேன். கே-க்கு ஒற்றைன்னு வச்சுக்கோ. அடுத்ததுக்குப் போனா 2கே+2 கூடுது, அது இரட்டை. ஒற்றையும் இரட்டையும் சேந்தா ஒற்றை. முடிஞ்சுதா?

பிரபு: 1க்கு 2. 2க்கு 6. 3க்கு 12. ஒண்ணுகூட ஒற்றை இல்லையே 🤣

யாழினி: ஆனா அடுத்த படி மட்டும் கரெக்டா இருக்கே!

குமார் மாமா: ஆமா. ஏறுறதுக்கு முதல் படியே இல்ல. ‘கே=1: இடப்பக்கம் 1, வலப்பக்கம் 1²’னு ஒரு வரி எழுதிடு.

யாழினி: அப்ப எல்லாக் கணக்கும் 1லதான் ஆரம்பிக்கணுமா?

குமார் மாமா: இல்ல. 2-ஐ கே தடவை பெருக்கினது கே²-ஐ விடப் பெருசுன்னு கேட்டா?

யாழினி: 1ல சரி. 2ல சமம். 3ல 8, 9… போச்சு. 4ல மறுபடி சமம். 5ல 32, 25 ✅

குமார் மாமா: அப்ப 5லருந்து ஆரம்பி. ‘கே ≥ 5’னு மேல எழுத மறந்துடாத, அதுக்கும் மார்க் உண்டு.